மண் சரிந்தால் கம்பெனி தருமா?

சேக்காட்டில் எங்கள் மாமனார் தன் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு மனை எழுதி வைத்தார். மூத்தவளுக்கு ஏரிக்கரையை ஒட்டிய மேடு. இளையவளுக்கு, அதாவது என் மனைவிக்கு, ரயில் பாதைப் பக்கத்துப் பள்ளம். மூத்தவளைக் கட்டியவர்தான் என் சகலை. விருந்துக்குப் போனால் முதல் இலை அவருக்கு, மாமியார் கையால் ஈரலும் அவருக்கு. எனக்கு வரும்போது குழம்பில் எலும்புதான் மிதக்கும். மனை விஷயத்திலும் அதே பந்தி வரிசைதான்.

நான் பொறாமைக்காரன். இந்த வயதில் அதை மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது? ஐப்பசி மழையில் என் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்துப் பிள்ளைகளை அதன்மேல் ஏற்றிவிட்டு, மேட்டில் தெரியும் அவர் வீட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாமே என்பாள் என் மனைவி. முழுகிச் செத்தாலும் சாவேனே தவிர அங்கே போக மாட்டேன் என்பேன்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்கள் அவை. சகலைக்கு ஆவடியில் விறகு விற்கும் தொட்டி. நான் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. அவரும் சட்டைப் பையில் பேனாவும் மூக்குக் கண்ணாடியுமாகத்தான் திரிவார். ஆனால் இங்கிலீஷ் எனக்குத்தான் தெரியும். அவரிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

சகலை வீடு கட்டும்போது கொல்லையில் இடம் போதவில்லை என்று ஏரிக்கரையின் சரிவை வெட்டி உள்ளே தள்ளிக் கட்டினார். சமையலறையின் பின்சுவருக்கும் கரை மண்ணுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அவருக்கும் உள்ளூரப் பயம்தான். அந்தச் சமயத்தில் பட்டணத்திலிருந்து விறகுத் தொட்டிக்கு வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர், வீட்டுக்கும் ஒரு பாலிசி போட வைத்தார். வீட்டுக்கு எந்த ஆபத்து வந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சொன்னாராம். உயிருக்கு இன்சூரன்ஸ் என்று கேள்விப்பட்டிருந்தோம். வீட்டுக்கு என்பது எங்கள் ஊரில் அதுதான் முதல். ஊரே வாயைப் பிளந்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். கண்ணாடியை விறகுத் தொட்டியில் மறந்து வைத்துவிட்டேன், கொஞ்சம் படித்துச் சொல் என்றார். காகிதம் இங்கிலீஷில் இருந்தது; கண்ணாடி வெறும் சாக்கு, பீற்றிக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். படித்தேன். நெருப்புக்கும் இடிக்கும் மட்டும்தான் கம்பெனி பொறுப்பு. வெள்ளம், பூகம்பம், மண் சரிவு இவற்றுக்குப் பொறுப்பில்லை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

"மண்ணு சரிஞ்சா குடுப்பானா, சகல? எனுக்கு அதான் வோணும்" என்றார்.

"அதுவும் சேர்த்திதான், அண்ணாத்தே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் மறுநாளே பட்டணத்துக்கு ரயிலேறி இதைவிடப் பெரிய பாலிசியாக வாங்கிவந்து அதையும் காட்டுவார் என்று தோன்றியது. அவர் ஏமாந்திருப்பது எனக்கு மட்டும் தெரியும் என்பதில் ஒரு சுகமும் இருந்தது. கரை நிஜமாகவே சரியும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

எங்கள் ஏரிக்கு ஒரு முறை உண்டு. புரட்டாசி பிறந்ததும் தமுக்கு அடிப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியும் கூடையுமாகப் போய், தன் பங்குக் கரைக்கு மண் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். வெட்டிய சரிவு சகலையின் பங்கு. அதை அடுத்தது என்னுடையது. அந்த வருஷம் அவர் வரவில்லை. நாட்டாண்மைக்காரர் போய்க் கேட்டதற்கு, சரிந்தால் கம்பெனி கட்டிக் கொடுக்கும், நான் ஏன் மண் தூக்க வேண்டும் என்றாராம். வேடிக்கை என்னவென்றால் ஊரும் அதை நம்பியது. வழக்கமாக, வராதவன் பங்கை மற்றவர்கள் சேர்ந்து போட்டுவிடுவார்கள். இப்போதோ, பணம் கொடுக்கப் போகிற கம்பெனி கரையைச் சும்மா விடுமா, துரையே ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்வான், அவன் வேலையில் நாம் கைவைப்பானேன் என்று பேசிக்கொண்டு கூடையைக் கவிழ்த்துவிட்டார்கள். நான் என் பங்கை முடித்தேன். அந்தப் பக்கம் ஒரு கூடை மண்கூடப் போடவில்லை.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை நான் ஷெட்டுக்குக் கிளம்பும்போது மேட்டிலிருந்து கூச்சல் கேட்டது. கரை உடையவில்லை. வெட்டிய சரிவு மட்டும் மொத்தமாக இறங்கிவந்து பின்சுவரைத் தள்ளிவிட்டிருந்தது. சொன்னால் காறித் துப்புவீர்கள். ஓடும்போது எனக்கு முதலில் வந்த நினைப்பு, இனி இரண்டு பேரும் ஒன்றுதான் என்பது. அப்புறம்தான் தெரிந்தது, என் மனைவியின் அக்கா சமையலறையில் இருந்தாள் என்று. கையாலேயே தோண்டினோம். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது. அதன்பிறகு அவள் கம்பில்லாமல் நடந்ததே இல்லை.

எல்லோரும் என் பள்ளத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதச் சொன்னார் சகலை. பதில் என்ன வரும் என்று தெரிந்துகொண்டே எழுதினேன். சில வாரங்களில் அதே பதில் வந்தது. கூடத்தில் உட்கார்ந்து அவருக்கு மட்டும் கேட்கும்படி படித்துக் காட்டினேன். மண் சரிவுக்குப் பாலிசியில் இடமில்லை.

கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். பிறகு, அன்றைக்கு நான் படித்தபோதே அது எழுதியிருந்ததா என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. இருந்தது என்றேன்.

"எனுக்கு ஒரு எழுத்து தெரியாது, சகல. தமிழுகூடத்தான். பேனா, கண்ணாடி எல்லாம் சும்மா. ஊருக்குத் தெரிஞ்சா மானம் பூடும்னு யாராண்டயும் போவல. நீ நம்ம ஆளாச்சேன்னு உன்னாண்ட வந்தேன்."

எழுந்தார். அவ்வளவுதான், தன் மனைவியிடம் சொல்லப் போகிறார், என் மனைவிக்கும் தெரிந்துவிடும், மாமனார் வீட்டில் இனி என் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள் என்று கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனிக்காரன் என்ன எழுதியிருக்கிறான் என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஏஜெண்டு நம்மள ஏமாத்திட்டாம்மே" என்றார்.

சாகும்வரை அவர் வேறு மாதிரி சொல்லவில்லை. வீட்டின் பின்பாதியை ஓலை வேய்ந்துகொண்டு அதே மேட்டில் காலத்தைத் தள்ளினார். அவரைப் பார்த்துப் பொறாமைப்பட இனி எதுவும் இல்லை என்று என் மனைவிகூட நினைத்திருப்பாள். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பேன். என்னால் முடியாததை அவர் அவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டாரே என்பதை இன்று வரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.