ஒருசந்தி இருந்த நாற்பது நாள்

என் அக்கா விண்ணரசியின் கணவர் பெரியநாயகசாமி பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். வெண்ணாற்றுக் கிளை வாய்க்காலில் ஷட்டரை ஏற்றி இறக்கும் வேலை. யார் வந்து கெஞ்சினாலும் உத்தரவுக்கு மேல் ஓர் அங்குலம் திறக்கமாட்டார். திறந்ததை அன்றன்றைக்கே நோட்டில் எழுதிவிடுவார். எங்கள் வயல் காய்ந்த வருஷம்கூட அப்படித்தான். பாவி மனுஷன் என்று நானே திட்டியிருக்கிறேன்.

ரிட்டயரான மூன்றாம் வருஷம் புராஸ்டேட்டில் புற்று. கண்டுபிடிக்கும்போதே எலும்புக்குப் போயிருந்தது. தினம் நாலு மாத்திரை, விடியற்காலை, வெறும் வயிற்றில். விலை அதிகம்; மகன் ஜெரால்ட் தோஹாவிலிருந்து அனுப்பிய பணத்தில் ஐந்து மாதம் ஓடியது. பிறகு அவன் கம்பெனியில் ஆட்குறைப்பு. அவனும் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அப்போதுதான் தஞ்சாவூரில் டாக்டர் குஞ்சிதபாதம் ஒரு வழி சொன்னார். "நாலுக்குப் பதிலா ஒண்ணு போதுமான்னு ஒரு ஆய்வு நடக்குது. மாத்திரை நாங்களே தர்றோம். ஆனா இதை வெறும் வயித்துல போடக்கூடாது. நெய் தோசை மாதிரி நல்லா சாப்பிட்டுட்டு உடனே போடணும். சாப்பாட்டோட போனாத்தான் அந்த ஒண்ணு உடம்புல சேரும்."

ஒரு நோட்டும் கொடுத்தார். நாளுக்கு இரண்டு கட்டம்: மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா. பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான்தான்.

அக்டோபரில் ஆரம்பித்தோம். ஜனவரியில் பி.எஸ்.ஏ., அதாவது புற்று எவ்வளவு துள்ளுகிறது என்று ரத்தத்தில் பார்க்கும் எண், பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வரை போய்வந்தார். பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

அவருக்கும்தான். தவக்காலம் பிறந்ததும் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு ஒருசந்தி பிடித்தார். ஞாயிறு நீங்கலாக நாற்பது நாள், பகலில் ஒரு வேளைச் சோறு மட்டும். நோயாளிக்கு ஒருசந்தி கடமையில்லை என்று பங்குச் சாமியார் பூசையிலேயே சொன்னார். யார் காதில் வாங்கினோம்? அக்காவும் சேர்ந்து இருந்தாள். மாத்திரையை மட்டும் மச்சான் ஒரு நாளும் விடவில்லை. பழைய பழக்கப்படி விடியற்காலையில், வெறும் தண்ணீரில். நான் எதிரே நின்று பார்த்தேன். "இந்த வைராக்கியம் யாருக்கு வரும் மச்சான்" என்று மெச்சவும் செய்தேன். இந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

ஈஸ்டர் முடிந்து டாக்டரிடம் போனபோது எண் மூன்று மடங்கு ஏறியிருந்தது. முதுகெலும்பில் புதிதாக இரண்டு இடம். டாக்டர் நோட்டைப் புரட்டினார். மாத்திரைக் கட்டம் எல்லாம் டிக். சாப்பாட்டுக் கட்டம், ஞாயிறு தவிர, நாற்பது நாளும் காலி. மச்சானுக்குப் பொய் எழுத வராது.

"ஏங்க, வெறும் வயித்துலயா போட்டீங்க?"

"ஒருசந்திங்க டாக்டர். நோய் தீரணும்னுதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. தானாவும் ஏறியிருக்கலாம். ஆனா இனிமே இந்த மாத்திரை கேக்காது. நிறுத்திடலாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மச்சான் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"டாக்டர், அந்த நாப்பது நாளைத் தனியா எழுதிக்குங்க. ஒரு மாத்திரை பத்தலைன்னு எழுதிடாதீங்க. தப்பு என்னுது."

இப்போது அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. காலையில் அக்கா நெய் தோசை வார்த்து விண்டு விண்டு ஊட்டுகிறாள். மச்சான் மறுக்காமல் சாப்பிடுகிறார். போட மாத்திரைதான் இல்லை.