போன வருஷம் நான் சொன்ன சாட்சி பொய்

போன வருஷம் மே மாசம், இதே சபையில, இதே மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நான் ஒரு சாட்சி சொன்னேன். ஞாபகம் வெச்சிருக்கிறவங்க இருப்பீங்க. முப்பத்தெட்டு வயசுல பிசினஸ் அனலிடிக்ஸ்ல மாஸ்டர்ஸ் படிச்ச என்னை, கடைசி நேரத்துல வந்த பெரிய ஆபத்துல இருந்து கர்த்தர் தப்புவிச்சார்னு சொன்னேன். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. முன் வரிசையில ரெண்டு அம்மா அழுதாங்க.

அந்தச் சாட்சி பொய். அதைத் திருத்தத்தான் பாஸ்டர் ஐயாகிட்ட நேரம் கேட்டு வாங்கியிருக்கேன். இதை எழுதிக்கிட்டு வந்திருக்கேன். எழுதலைன்னா பாதியிலேயே நிறுத்திடுவேன்னு எனக்குத் தெரியும்.

புதுசா வந்திருக்கிறவங்களுக்காகச் சொல்றேன். என் பேர் கிரேஸ். கே.கே. நகர்ல வீடு. ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில பதினாலு வருஷமா ஸ்டாக் ரிப்போர்ட் போடறேன். எனக்கு அப்புறம் வந்த பசங்க, அடுத்த மாசம் எந்தச் சரக்கு எவ்வளவு போகும்னு கம்ப்யூட்டர்ல முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்லி, என்னைத் தாண்டி மேல போயிட்டாங்க. அந்த வருத்தத்துலதான் படிக்கணும்னு முடிவு பண்ணேன். அடையார்ல ஒரு காலேஜ்ல சனி, ஞாயிறு கிளாஸ். சீட்டுக்காக நீங்க எல்லாரும் ஜெபிச்சீங்க. கிடைச்சுது.

முதல் மாசமே நொந்து போயிட்டேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புரியலை. புரோகிராம் எழுதினா, திரை பூரா சிவப்பு எழுத்துல எர்ரர் வரும், நான் மூடி வெச்சிடுவேன். அப்போ பக்கத்துல உட்கார்ந்திருந்த பொண்ணுதான் நஸ்ரீன். இருபத்து நாலு வயசு. மயிலாப்பூர்ல வீடு. பல தலைமுறையா அங்கேயே இருக்கிற முஸ்லிம் குடும்பம்.

"அக்கா, எர்ரர் வந்தா எதுக்கு மூடறீங்க? எந்த வரியில தப்புன்னு அதுவே சொல்லுது பாருங்க"ன்னா.

அதுக்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளாஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து, கேன்டீன்ல உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் குடுத்தா. ஒரு தடவைகூட சலிச்சுக்கலை. நான் மூணு செமஸ்டர் தாண்டினதுக்குக் காரணம் அந்தப் பொண்ணு. மே மாசச் சாட்சியில நான் அவ பேரைக்கூடச் சொல்லலை.

கடைசி செமஸ்டர்ல ரெண்டு ரெண்டு பேரா ப்ராஜெக்ட். நாங்க எடுத்தது தி. நகர்ல சின்னத் துணிக்கடைகளுக்கு வர்றவங்க. யார் திரும்ப வருவாங்க, யார் வர மாட்டாங்கன்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கணும். அதுக்கு நானூறு பேர்கிட்ட நேர்ல கேள்வி கேக்கணும். ஆளுக்கு இருநூறு.

அப்போ ரமலான் மாசம். நஸ்ரீன் நோன்பு வெச்சுக்கிட்டு, ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம, உஸ்மான் ரோட்டுல வெயில்ல நின்னு இருநூறு பேர்கிட்ட கேட்டா. நான் எழுபது பேர்கிட்ட கேட்டேன். ஜனங்க முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க, எனக்குக் கூச்சம். அதே வாரம் என் பொண்ணுக்குக் காய்ச்சலும் வந்துச்சு. ஆனா அதைக் காரணமாச் சொல்ல மாட்டேன். காய்ச்சல் மூணு நாள்ல விட்டுடுச்சு.

மிச்சம் நூத்து முப்பது பேரை நான் ஆபீஸ் சீட்டுல உட்கார்ந்து, மத்தியான சாப்பாட்டு நேரத்துல, என் மனசுல இருந்து எழுதினேன். வயசு, ஊர், எத்தனை தடவை கடைக்கு வந்தாங்க, எல்லாம். பென் டிரைவ்ல போட்டு நஸ்ரீன்கிட்ட குடுத்தேன். அவ நம்பி வாங்கி, தன் லேப்டாப்புல ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து, தன் பேர்லயே காலேஜுக்கு அனுப்பினா.

ஏப்ரல்ல துறைத் தலைவர் மேடம் எங்களைத் தனித்தனியா கூப்பிட்டாங்க. என்கிட்ட அந்த ஃபைலைக் காட்டினாங்க.

"இந்த நூத்து முப்பது பேரும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியிருக்காங்க. ஒரு கட்டம்கூடக் காலியா இல்ல. நிஜ மனுஷங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க கிரேஸ். வயசைக் கேட்டா பாதிப் பேர் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. இது யார் எழுதினது?"

அப்போ நான் சொன்னதை அப்படியே சொல்றேன். "டேட்டா எல்லாம் நஸ்ரீன்தான் மேடம் பார்த்துக்கிட்டா. நான் ரிப்போர்ட் மட்டும்தான் எழுதினேன்."

அந்த நூத்து முப்பதும் கிரேஸ் அக்கா குடுத்ததுன்னு நஸ்ரீன் மேடம்கிட்ட சொல்லியிருக்கா. ஆனா அதைக் காட்ட அவகிட்ட ஒண்ணும் இல்ல. நான் வயசுல பெரியவ, வேலையில இருக்கிறவ, கிளாஸ் ரெப்ரசன்டேட்டிவ் வேற. என் வயசும் என் வேலையும் எனக்காகப் பேசிடுச்சு. முடிவு வர்ற வரைக்கும் பத்து நாள் நான் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, என்னை வெட்கப்பட விடாதீங்க"ன்னு அழுதேன். நான் பாஸ்னு மெயில் வந்துச்சு. நஸ்ரீன் ப்ராஜெக்டை ரத்து பண்ணி, அடுத்த பேட்ச்சோட திரும்பப் பண்ணச் சொன்னாங்க. காலேஜ் மூலமா அவளுக்கு ஒரு வேலை கிடைச்சிருந்துச்சு. ஜூலைக்குள்ள டிகிரி காட்டணும். இனி காட்ட முடியாது.

அந்த மெயிலைத்தான் நான் உங்ககிட்ட அற்புதம்னு சொன்னேன்.

அன்னைக்கு ஆராதனை முடிஞ்சு ஒரு சகோதரி என் கையைப் பிடிச்சு, "என் பையன் பரீட்சைக்கு நீ ஜெபம் பண்ணும்மா, உன் ஜெபத்தைக் கர்த்தர் கேக்கறார்"னாங்க. கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரலை. சும்மா உதட்டை அசைச்சேன். அன்னையில இருந்து ஜூன், ஜூலை முழுக்க எனக்கு ஜெபமே வரலை. உங்களோட சேர்ந்து பாடினேன், உள்ள ஒண்ணும் இல்ல. நஸ்ரீன் ரெண்டு தடவை போன் பண்ணா. நான் எடுக்கலை.

ஆகஸ்ட்ல ஒரு வியாழக்கிழமை காலையில, சமையல்கட்டுல நின்னுக்கிட்டே, "ஆண்டவரே, நான் பண்ணது உங்களுக்குத் தெரியும். சொல்றதுக்கு எனக்கு வாய் வரலை. வாயைக் குடுங்க"ன்னேன். அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல அதுதான் நான் பண்ண முதல் ஜெபம்.

சனிக்கிழமை என் நாத்தனார் கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை குடுக்கணும்னு என்னைத் தி. நகருக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. அவளே விசாரிச்சு வெச்சிருந்த கடை, ஒரு சந்துக்குள்ள. உள்ள நுழைஞ்சா, பில் போடற மேஜையில நஸ்ரீன். அது அவங்க அப்பா கடைன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

திரும்பிடலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள அவங்க அப்பா எழுந்து வந்துட்டார்.

"நீங்கதானே நஸ்ரீன் கூடப் படிச்ச கிரேஸ்ம்மா? போட்டோவுல பார்த்திருக்கேன். உட்காருங்க, உட்காருங்க. டீ சொல்றேன்." அப்புறம் குரலைத் தணிச்சு, "காலேஜ்ல ரிசல்ட்டு ஏதோ லேட்டாம். வேலையும் தள்ளிப் போச்சுங்குது. கேட்டா சரியாச் சொல்ல மாட்டேங்குது. உங்க பேச்சுக்கு அங்க மதிப்பு இருக்கும். கொஞ்சம் சொல்லிப் பாக்கிறீங்களாம்மா?"

அவ வீட்டுல சொல்லவே இல்ல. என்னைக் காட்டிக் குடுக்கலை. மேஜைக்குப் பின்னால இருந்து என்னைப் பார்த்தா. கோபமா பார்த்திருந்தா தாங்கியிருப்பேன். ஒரு கிளாஸ் தண்ணி கொண்டாந்து என் முன்னாடி வெச்சா. "குடிங்க அக்கா, வேர்த்திருக்கு"ன்னா.

நான் எழுந்துட்டேன். "அண்ணி, எங்க போறீங்க? ஜாக்கெட்டு?"ன்னு நாத்தனார் கூப்பிட்டது கேட்டுச்சு. வெளிய வந்து ஆட்டோ பிடிச்சேன். அடையார் போற வரைக்கும் "வாயைக் குடுங்க, வாயைக் குடுங்க"ன்னு அதையே சொல்லிக்கிட்டுப் போனேன். காலேஜ் கேட்டுல செக்யூரிட்டி, "மேடம் கெளம்பிக்கினு இருக்காங்க, சீக்கிரம் போம்மா"ன்னார். படியில ஓடினேன். மேடம் ரூமைப் பூட்டிக்கிட்டு நின்னாங்க.

"அந்த நூத்து முப்பதும் நான் எழுதினது மேடம். நஸ்ரீனுக்குத் தெரியாது."

வாய் திறந்துச்சு. நான் திறக்கலை. அது எனக்கு நல்லாத் தெரியும்.

மேடம் பூட்டைத் திரும்பத் திறந்து, உள்ள உட்கார வெச்சு, எல்லாத்தையும் எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. படிச்சிட்டு, "நாலு மாசம் கழிச்சு வந்து சொல்றீங்க"ன்னாங்க.

என் டிகிரியை நிறுத்தினாங்க. ஒரு வருஷம் திரும்பப் படிக்கணும். செப்டம்பர்ல நஸ்ரீன் மேல இருந்த குற்றத்தை எடுத்துட்டு, அவளுக்கு டிகிரி குடுத்தாங்க. ஆனா அந்த வேலை போனது போனதுதான். அந்த இடத்துக்கு வேற ஆள் எடுத்துட்டாங்க. இப்போ கிண்டியில ஒரு சின்ன ஆபீஸ்ல, அவ படிப்புக்குக் கொஞ்சமும் ஒட்டாத வேலை பாக்கறா. நான் மன்னிப்புக் கேட்டு எழுதினதுக்கு ஒரே ஒரு தடவை பதில் போட்டா. "சொன்னதுக்கு தேங்க்ஸ் அக்கா. ஆனா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்." அதுக்கப்புறம் என்கிட்ட பேசலை. அவளைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல.

இதுல ஜெபத்துக்குப் பதில் எங்கேன்னு நீங்க கேக்கலாம். ஏப்ரல்ல நான் கேட்டது தப்பிக்கறதுக்கு. தப்பிச்சேன், அதை அவர் குடுத்தார்னு இனி சொல்ல மாட்டேன். ஆகஸ்ட்ல கேட்டது உண்மையைப் பேச ஒரு வாய். மூணாவது நாளே குடுத்தார். நான் தயாரா இல்லாதப்பவே கொண்டுபோய் நிறுத்திக் குடுத்தார். அதுக்காக அவருக்கு ஸ்தோத்திரம். ஒரு பொண்ணோட வாழ்க்கையில நான் கெடுத்ததைத் திரும்பக் குடுக்க என்னால முடியலை. அதை அவர்தான் பார்த்துக்கணும். தினமும் அவளுக்காகக் கேக்கறேன். இப்போ ஜெபம் வருது.

இங்க யாருக்காவது இப்படி ஒரு விஷயம் தொண்டையில நிக்குதுன்னா, இன்னொரு வாரம் பார்க்கலாம்னு விட்டுடாதீங்க. நான் விட்ட நாலு மாசத்துல ஒரு வேலை போயிடுச்சு. தப்பிக்க வழி கேக்காதீங்க, வாயைக் கேளுங்க. கண்டிப்பாக் குடுப்பார். தனியாப் போகப் பயமா இருந்தா என்கிட்ட வாங்க. என்ன விஷயம்னு நான் கேக்க மாட்டேன். அந்த வாசல் வரைக்கும் கூட வர்றேன்.