நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே

ஐந்தாவது மாடிக்கு ஒரு முழம் கீழே லிஃப்ட் வந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறார். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கிறது. கருவிப் பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, காலை நீட்டி, சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுக்கிறார். அட்டையில் இறக்கை முளைத்த ஒருவன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு எரிமலைக்கு மேலே பறக்கிறான். அவனுக்குச் சட்டை கிடையாது. மேல்மாடிக் கதவின் இடுக்கு வழியாக வரும் வெளிச்சம் சரியாகப் பக்கத்தின் மேல் விழுகிறது. வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "சோதனை நடக்குது! பக்கத்துல வராதீங்க!" என்று குரலைக் கனமாக்கிச் சொல்லிவிட்டு, விட்ட வரியைத் தேடுகிறார்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர். வயது நாற்பத்தாறு. கம்பெனியில் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'அந்தரம்' என்றுதான் சொல்வார்கள். எப்போது தேடினாலும் ஏதாவது இரண்டு மாடிகளுக்கு நடுவில்தான் அகப்படுவார் என்பதால் வந்த பெயர். அவர் படித்த புத்தகத்தை அடையாளம் காண்பது சுலபம்: பக்கமெல்லாம் கிரீஸ் கறை. சாதாரணப் பக்கங்களில் ஒரு கட்டைவிரல் இருக்கும். முத்தம் வரும் பக்கங்களில் பத்து விரலும் இருக்கும்.

வெறும் காதல் கதையை அவர் தொடமாட்டார். "பார்க்குல உக்காந்து பேசிப் பேசி லவ் பண்றதுல என்னங்க இருக்கு? தலைக்கு மேல கத்தி தொங்கணும். அப்பத்தான் மனசுல இருக்கறது வாய்க்கு வரும்" என்பார். கத்தி இல்லாவிட்டால் டிராகன். டிராகனும் இல்லையென்றால் குறைந்தபட்சம் ஒரு சாபமாவது வேண்டும். அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "நான் பாத்த பொண்ணையெல்லாம் வேணாம்னுட்டான். மொட்டை மாடில ஒருத்தி இறக்கையோட வந்து எறங்குவான்னு காத்துக்கிட்டிருக்கான். எறங்கினா சோறு யாரு போடறது, நான்தானே?"

இந்தக் கதைகளில் லிஃப்டுக்கு நடக்கிற அநியாயத்தை அவரிடம் கேட்க வேண்டும். கயிறு அறுகிறது, பெட்டி பாதாளத்துக்குப் பாய்கிறது, கடைசி நொடியில் கதாநாயகன் ஒற்றைக் கையால் நிறுத்துகிறான். "அப்படியெல்லாம் அறுந்து விழாதுங்க. பிரேக்கு இருக்கு, அதுக்கும் மேல இன்னொரு பிரேக்கு இருக்கு" என்று ஆரம்பித்தவர், பாதியில் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "ஆனா விழுந்தாத்தானே அவ அவன் கையப் பிடிப்பா? அதனால போகட்டும்னு விட்டுட்டேன்."

விட்டதோடு நிற்கவில்லை என்பதுதான் வம்பு. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் மற்ற மெக்கானிக்குகள் முதலில் கேட்பது, "உள்ள யாருக்காவது உடம்பு சரியில்லையா?" இவரும் அதைக் கேட்பார். அடுத்து, "எத்தனை பேரு? ஒருத்தருக்கொருத்தர் முன்னாடியே தெரியுமா?" என்பார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும், முன்பின் அறியாதவர்கள் என்று பதில் வந்துவிட்டால் போதும், மனுஷருக்குக் கை ஓடாது. "துருப் பிடிச்சிருக்கு, கொஞ்சம் எண்ணெய் ஊறட்டும்" என்று கதவோரம் காதை வைத்துக்கொண்டு நிற்பார். இதுவரை ஒரு காதலும் ஊறியதில்லை. ஒரு ஜோடி, முதலில் பொத்தானை அழுத்தியது யார் என்று சண்டை போட்டுக்கொண்டே வெளியே வந்தது. இன்னொரு ஜோடி நெருக்கமாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து பார்த்தால் ஒருவர் மற்றவரிடம் இன்ஷூரன்ஸ் விற்று முடித்திருந்தார். முன்பின் தெரியாதவர்கள் என்று சாதித்த ஒரு தம்பதி, விவாகரத்து ஆனவர்கள். வெளியே வந்ததும் இருவரும் சேர்ந்து இவர்மேல் புகார் எழுதினார்கள். "சேந்து எழுதினாங்க பாத்தீங்களா?" என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் அக்கா நேராகவே கேட்டுவிட்டாள். சிரித்து மழுப்புவார் என்றுதான் நினைத்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புத்தகத்துல மாட்டிக்கிட்டவங்களுக்காக ஒருத்தன் வருவான்க்கா. மலையேறி, கடல் தாண்டி, அவளுக்காகவே வருவான். அவளும் அவன் மூஞ்சிய ஆசையாப் பாப்பா. நானும்தான் தெனம் வர்றேன். கதவு திறந்ததும் என்னைத் தள்ளிவிட்டுட்டு ஓடறாங்க. எம்மூஞ்சி எப்படி இருக்கும்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது." அக்கா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒருத்தருக்கும் தெரியாது என்றது முழு உண்மையல்ல. ஒருவருக்குத் தெரியும். கம்பெனியின் புகார் மேஜையில் தொலைபேசி எடுத்து, கவுன்டரில் உதிரிபாகமும் கொடுக்கும் மேடம். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மணிப் பொத்தானை அழுத்தினால் அவர் குரல்தான் முதலில் கேட்கும். பல வருஷத்துக்கு முன்பு ஒருநாள், ஒரு பூட்டு லேசில் திறக்காமல் போனபோது, லைனில் காத்திருந்த மேடத்தின் பக்கத்திலிருந்து காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "என்ன படிக்கறீங்க மேடம்?" என்று கேட்டார். "கொலைகாரன் யாருன்னு இன்னும் தெரியல. அவளுக்கு அவன்மேலயே சந்தேகம். ஆனா அவனைத்தான் கட்டிக்குவா போலிருக்கு" என்று பதில் வந்தது. அன்றைக்கு விழுந்தவர்தான், எழுந்திருக்கவேயில்லை.

அதிலிருந்து உதிரிபாகம் வாங்கும் பெட்டியில் புத்தகங்கள் போகும், வரும். மேடத்துக்குக் கொலையும் காதலும் கலந்தது. இவருக்கு இறக்கையும் காதலும் கலந்தது. தொலைபேசியில் ஓயாத சண்டை. "உங்க இறக்கை இளவரசனுக்கு எழுநூறு வயசாச்சாம், இன்னும் கல்யாணம் ஆகலியாம். என்ன குறையோ?" என்பார் மேடம். "குறையொண்ணும் இல்ல மேடம். சரியான ஆளு அமையல" என்று இவர் பரிந்துகொண்டு வருவார். எழுநூறோடு ஒப்பிட்டால் நாற்பத்தாறு பால்குடி வயசு என்பதில் அவருக்குத் தனி ஆறுதல். நேரில் கவுன்டரில் பார்த்தால் மட்டும் இருவருக்கும் பேச்சு வராது. "ரிலே ரெண்டு." "இந்தாங்க." அவ்வளவுதான். ஆனால் ஒன்று: கம்பெனியில் சின்னவர் பெரியவர் அத்தனை பேரும் அவரை 'அண்ணே' என்கிறார்கள். மேடம் மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட 'அண்ணா' என்று சொன்னதில்லை. உலகத்தில் அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

மனதில் இருப்பதைச் சொல்ல ஆபத்து வேண்டும், ஆபத்துக்கு மேடம் லிஃப்டில் மாட்ட வேண்டும், மாட்டினால் இவர் போய்க் காப்பாற்ற வேண்டும். திட்டத்தில் ஓர் ஓட்டையும் இல்லை. மேடம் லிஃப்டில் ஏறமாட்டார் என்பதைத் தவிர. லிஃப்ட் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே பயம் என்கிறவர். ஆபீஸ் தரைத்தளம். வீடும் தரைத்தளம். கண் டாக்டர் ஏழாவது மாடிக்குக் குடிபோனபோது மேடம் டாக்டரை மாற்றினார். "புதுசா கண்ணாடி லிஃப்ட் வந்திருக்கு மேடம், ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்" என்று இவர் தூண்டில் போட்டதற்கு, "போட்டோல பாத்துட்டேன், ரொம்ப அழகு" என்று பதில் வந்தது. அவரும் காத்திருந்தார். இளவரசனே காத்திருக்கும்போது இவருக்கென்ன அவசரம்?

அப்போதுதான் இடி விழுந்தது. புகார் மேஜையில் இனி ஆள் வேண்டாம், இயந்திரக் குரல் போதும் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. மேடத்தை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். செய்தி கேட்டதிலிருந்து மனுஷருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வைத்திருந்த புத்தகத்தையெல்லாம் புரட்டிப் பார்த்தார். கதாநாயகியை அரக்கன் கடத்தினால் என்ன செய்வது என்று இருக்கிறது. மந்திரக் கோட்டையில் அடைத்தால் என்ன செய்வது என்று இருக்கிறது. பணி மாற்றலில் போனால் என்ன செய்வது என்று ஒருவரும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மேடத்துக்குக் கடைசி நாள். சாயங்காலம் கவுன்டருக்குப் போய் எப்படியாவது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். தைரியத்துக்காக மத்தியானம் வழக்கமான இடத்தில் லிஃப்டை நிறுத்தி, இளவரசன் வாய் திறக்கும் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். சிவப்புப் பொத்தானை விடுவிக்கவும், மாடிக் கதவை வெளியிலிருந்து திறக்கவும் ஒரே சின்னச் சாவிதான். சட்டைப் பையில் இல்லை. கருவிப் பையில் இல்லை. புத்தகத்தில் அடையாளத்துக்குக் கையில் அகப்பட்டதையெல்லாம் சொருகி வைக்கிற மனுஷர் அவர். வாஷர், வயர்த் துண்டு, பஸ் டிக்கெட். சாவி எங்கே இருக்கிறது என்று நினைவு வந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். காலையில் மேடத்துக்குத் திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்குள் இருந்தது அது.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாவது மாடிக் கதவின் கொக்கி அவர் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. உள்ளேயிருந்து நெம்பினால் திறந்துவிடும். எத்தனையோ தடவை அப்படி வெளியே வந்திருக்கிறார். கொக்கியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழங்கையால் மணிப் பொத்தானை அழுத்தினார்.

"தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது இயந்திரக் குரல். வெள்ளோட்டம் விட்டிருந்தார்கள். "லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தால் எண் ஒன்றை அழுத்தவும். புதிய லிஃப்ட் வாங்க எண் இரண்டை அழுத்தவும்." லிஃப்டுக்குள் இருப்பது ஒரே ஒரு மணிப் பொத்தான். எண் கிடையாது. அதையே அழுத்தினார். குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. வாழ்நாள் முழுக்க இப்படியே போய்விடுமோ என்று அவருக்கு வியர்த்தது. கடைசியில் அந்தக் குரலே சலித்துப்போய்க் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒழிந்தது.

"வணக்கம். பதறாதீங்க. மூச்ச நல்லா இழுத்து விடுங்க. கதவுல சாயாதீங்க. உங்க பேரு?"

"நான்தான் மேடம்."

"எங்க இருக்கீங்க?"

"உள்ள."

"படிக்கறதுக்கா, நிஜமாவா?"

"நிஜமாத்தான் மேடம். சாவி இல்ல."

கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. பழக்க தோஷம். "புகார் பதிஞ்சாச்சு. டெக்னீஷியன் இப்பவே கிளம்பிடுவாரு." இவர் சட்டைப் பையில் 'டிங்' என்றது.

"டெக்னீஷியனுக்கு மெசேஜ் வந்துடுச்சு மேடம்."

"நல்லது. எப்ப வந்து சேருவாராம்?"

"வந்து சேந்துட்டாரு. உள்ளதான் உக்காந்திருக்காரு."

மேடம் சிரித்த சிரிப்பில் லைன் கரகரத்தது. சாவி எங்கே என்று கேட்டார். இவர் சொன்னார். காகிதம் புரண்டது. மேஜைமேல் ஏதோ 'ணங்' என்று விழுந்தது. "இருக்கு. கொலைகாரன் ஜன்னல் ஏறிக் குதிக்கற பக்கத்துல வச்சிருக்கீங்க."

"பயத்துல மூடிட்டேன் மேடம்."

இன்னொரு மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தார். அவர் வந்து சேர இருட்டிவிடும். மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு தெரு தள்ளித்தானே, நானே கொண்டு வர்றேன்."

"மாடிப்படிதான் ஏறணும் மேடம். லிஃப்டு ஓடாது."

"ஓடினா மட்டும் ஏறிடப் போறேனா?"

இயந்திரக் குரலிடம் ஊர் லிஃப்டையெல்லாம் ஒப்படைத்துவிட்டு மேடம் கிளம்பிவிட்டார். உள்ளே இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. லிஃப்ட் கண்ணாடியில் முகம் பார்த்தார். கன்னத்தில் கிரீஸ். துடைத்ததில் இன்னொரு கன்னத்துக்கும் பரவியது. காப்பாற்றப் போகிறவராகத்தான் தன்னை எப்போதும் நினைத்திருந்தார். இப்படி உட்கார்ந்து காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று எந்தக் கதாநாயகியும் அவரிடம் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, "வரட்டுமா" என்று படியிறங்கிப் போய்விட்டால்? திங்கட்கிழமை வேறு ஊர். அப்புறம் ஆயுசுக்கும் எண் ஒன்றை அழுத்தவும்.

மேலே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "சாவிய இடது பக்கமாத் திருப்புங்க" என்று ஆரம்பித்தார். "நான்தானே எல்லாருக்கும் சொல்றேன், எனக்கே சொல்றீங்களா?" என்று பதில் வந்தது. கதவு நகர்ந்தது. மேடம் வேர்த்து விறுவிறுத்து, தானாக மூடப் பார்க்கும் கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு நின்றார். முதலில் அவர் பார்த்தது இவரை அல்ல, கொக்கியை.

"இத உள்ளேர்ந்தே நெம்பலாமே."

இவருக்குத் தலை குனிந்துவிட்டது. "நெம்பலாம் மேடம்."

"தெரியும். நானும் இந்தக் கம்பெனிலதானே இத்தனை வருஷம் குப்பை கொட்டறேன்?"

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

மேடம் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். எழுநூறு வருஷத்து இளவரசன் பேசிய பேச்சு முழுக்க இவருக்கு மனப்பாடம். நெருப்பு, நட்சத்திரம், ஏழு ஜென்மம் எல்லாம் அதில் உண்டு. அதிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. "திங்கக்கிழமை போகாதீங்க" என்றார். "எனக்கு அந்த மிஷின் குரல் வேணாம். நீங்கதான் வேணும். போகாதீங்க மேடம்."

"மொதல்ல இந்த மேடத்த நிறுத்துங்க" என்றார் மேடம். சாவியை இவரிடம் நீட்டவில்லை; முந்தானையில் முடிந்துகொண்டார். லிஃப்டை மேலும் கீழும் பார்த்தார். இவர் கருவிப் பையை ஓரமாகத் தள்ளி, மூலையில் ஒடுங்கி நின்று, இன்னொருவர் நிற்க இடம் விட்டார்.

மேடம் குனிந்து வலது கால் செருப்பைக் கழற்றினார். கதவு மூடிக்கொள்ளாதபடி அதைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே இறுக்கிச் சொருகி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அந்த வெறுங்காலை உள்ளே எடுத்து வைத்தார்.