வர்றனுங்க என்றவர்கள்

வேலை கேட்டு என் வீட்டுக்காரர் ஏறி இறங்காத ஆபீஸ் சேலத்தில் இல்லை. ஒன்றிலும் தேறவில்லை. ஆனால் இன்டர்வியூவில் கேட்கிற கேள்விகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில், ஏரிக்குப் பக்கத்தில் நாங்கள் ஒரு சின்ன மெஸ் திறக்க ஏற்பாடு செய்தபோது, அந்தக் கேள்விகளை அவரே கேட்கிற யோகம் அடித்தது.

சித்திரை பிறந்தால் சீசன். அதற்குள் மெஸ் ஓட ஆரம்பிக்காவிட்டால் மலையிறங்கிப் போய், அவருடைய அண்ணனின் மளிகைக் கடையில் மறுபடியும் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான். அண்ணன் தங்கமானவர். அதனால்தான் கடைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்து காலி செய்த அறையில் ஒரு மூட்டைகூட அடுக்காமல், எங்களுக்காகப் பெருக்கியே வைத்திருந்தார். அந்த அறைக்கு மட்டும் திரும்பிப் போகக் கூடாது என்று தினமும் சாமி கும்பிட்டேன்.

ஆள் எடுக்கும் நாளில் வீட்டுக்காரர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். வெள்ளக்கடையிலிருந்து மொபெட்டில் வந்த சப்ளையரிடம், "உங்க லட்சியம் என்னங்க?" என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தை மாசம் கல்யாணமுங்க" என்றார். சேலத்திலிருந்து வந்த சமையல் மாஸ்டரிடம், "உங்ககிட்ட இருக்கற குறை என்னங்க?" என்றார். "எனக்கு ஒரே குறை என் மச்சினன்தானுங்க" என்று பதில் வந்தது. நான் அடுப்பங்கரையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் எழுந்து கும்பிட்டு, "சரிங்க, வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"பாத்தியா, ரெண்டு பேரும் வர்றேன்னுட்டாங்க" என்று இவர் பூரித்துப்போனார்.

"ஏனுங்க, அது கெளம்பறப்ப எல்லாரும் சொல்றதுங்க."

"உனக்கு ஆளை எடை போடத் தெரியாது" என்று என் வாயை அடைத்தார்.

கடைசியாகக் கிளியூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். சர்ச் திருவிழாக்களில் சமைத்துப் பழக்கம். இவர் வாயைத் திறப்பதற்குள் அவரே அடுப்பங்கரைக்குள் வந்துவிட்டார். "பொகை போக வழியே காணோமுங்களே? சமைக்கறவ கண்ணு என்னத்துக்காகறதுங்க?" என்று கேட்டார். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் விட்டால்தான் வேலைக்கு வர முடியும் என்றார். வாசலைத் தாண்டும்போது, "போறனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இவர் ஆடிப்போனார். புதுக்கடை வாசலில் நின்றுகொண்டு யாராவது போறேன் என்பார்களா? உடனே சூடம் கொளுத்தினார். உலகத்தில் வேறு ஆளே கிடைக்காவிட்டாலும் அந்த அம்மா வேண்டாம் என்றார்.

திறப்பு நாள் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் குடும்பத்தோடு வருவதாக ஏற்பாடு. விடிந்து பால் காய்ச்சி வெகு நேரம் ஆகியும் மாஸ்டரையும் காணோம், சப்ளையரையும் காணோம். இவர் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ரோட்டுக்கு ஓடினார்.

"பஸ் லேட்டு போல" என்றார்.

"மொபெட்டுமா?" என்றேன். கேட்டுவிட்டேனே தவிர, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெருக்கி வைத்த அறை கண்ணுக்குள்ளேயே நின்றது.

அப்போதுதான் பின்வாசலில் குரல் கேட்டது. "ஏனுங்கம்மா, இன்னும் ஒலை வெக்கலீங்களா?"

கிளியூர் அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். ரைட்டர் விட்டுவிட்டாராம்.

"அன்னைக்கே வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார் என் வீட்டுக்காரர், விறைப்பாக.

"ரைட்டரு உடுவாரோ மாட்டாரோ. நெசமாத் தெரியாம வர்றேன்னு சொல்லிப்போட்டு வராம இருந்தா, உங்க பொழப்பு என்னத்துக்காகறதுங்க?"

இவர் முழுக்கையை மடித்து விட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். மதியம் பரிமாறியதும் இவர்தான். அண்ணன் ரசத்தை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "அந்த ரூம்ல அரிசி மூட்டையை அடுக்கிக்கறேன்" என்றார். அதைவிட நல்ல வாழ்த்து எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

அந்த அம்மா எங்களிடம் பல வருஷம் இருந்தார். தினமும் சாயங்காலம் "போறனுங்க" என்பார். காலையில் எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். இவரும் சூடம் கொளுத்துவதை விட்டுவிட்டார். பிறகு குளிரில் அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, கோயம்புத்தூரிலிருந்த மகன் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வந்தார். பஸ் கிளம்பும்போது அந்த அம்மா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்றனுங்கம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் கிளம்பும்போது அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நடுரோடு என்றும் பாராமல் அழுதேன்.

சீசன் நெருங்கியது. வேறு ஆள் பார்க்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"எதுக்கு? அந்தம்மாதான் வர்றேன்னு சொல்லியிருக்குதே" என்றார்.

கிளம்பும்போது எல்லாரும் சொல்வதுதான் அது என்று இந்த முறை நான் சொல்லவில்லை.