ஒட்டுப் போட்ட விஜயதசமி

பேட்ச் என்றால் என்ன என்று எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி கேட்டபோது, "பஞ்சர் ஒட்டுற மாதிரி சார். எங்க ஓட்டை இருக்கோ அங்க ஒட்டிக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லித் தொலைத்தேன். என் வாய்க்கொழுப்பு. அன்றிலிருந்து பேட்ச் போடுகிற மென்பொருளுக்கு பஞ்சர் சாஃப்ட்வேர் என்றே பெயர் விழுந்துவிட்டது. வராந்தாவில் எதிர்ப்படும்போதெல்லாம் "என்னம்மா, பஞ்சர் ஒட்டியாச்சா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். ஆனால் என் வேலை அந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெரம்பலூரில் பெரிய ஆஸ்பத்திரி, அரியலூரில் அதன் கிளை. இரண்டுக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டர் பார்க்க நான் ஒருத்திதான். வெளியூரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் வைரஸ் புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டதாக வாட்ஸப்பில் செய்தி சுற்றியதும், முதலாளி டாக்டர் பயந்துபோனார். அதை மோப்பம் பிடித்தாற்போல் திருச்சியிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்களாம், இங்கே ஆளே தேவையில்லையாம். நிர்வாக அதிகாரிதான் எனக்காக ஒரு வார்த்தை பேசினார். எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து புதுப்பிக்கிற அந்த மென்பொருளை நானே நிறுவிக் காட்ட வேண்டும். விஜயதசமிக்குள் என் திரையில் அத்தனை இயந்திரமும் பச்சையாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் திருச்சிக்காரர்கள்.

அந்த வேலை எனக்கு வேண்டும். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அதே ஆஸ்பத்திரியில்தான் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சென்னையில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு நான் ஊருக்கு வந்ததே அதற்காகத்தான். இது போனால் எனக்குத் திரும்பவும் சென்னைதான். அம்மாவை யார் பஸ் ஏற்றி, யார் இறக்கி, யார் அவள் தண்ணீர் குடிக்கிற அளவைப் பார்ப்பது? இதை யாரிடமும் சொல்லி அழவில்லை. மென்பொருளோடு மல்லுக்கட்டினேன்.

ஆரம்பிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஏஜென்ட் என்று ஒரு சின்ன நிரலை உட்கார வைக்க வேண்டும். அது எந்த ஒட்டு இருக்கிறது, எந்த ஒட்டு இல்லை என்று நமக்குச் சொல்லும். சர்வரிலிருந்தே எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடலாம். அடம்பிடிப்பவற்றுக்கு மட்டும் நேரில் போக வேண்டும். அப்புறம் இயந்திரங்களைக் குழுவாகப் பிரிக்க வேண்டும். நான் மூன்றாகப் பிரித்தேன். சோதனைக்குச் சில, ஆபீஸ் வேலைக்கு உள்ளவை, மூன்றாவது 'தொடாதே'. ஐசியூ, லேப், டயாலிசிஸ் எல்லாம் 'தொடாதே'யில். அவற்றை ஒவ்வொன்றாக, நான் பக்கத்தில் நின்று செய்வதாகத் திட்டம்.

சோதனைக் குழு ஒரு சிணுங்கலும் இல்லாமல் முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுத பூஜை அன்று ஓபி கிடையாது, பில்லிங்கில் ஆள் இருக்காது, அதனால் அன்றைக்குப் பகலில் ஆபீஸ் குழு முழுக்க ஒட்டிவிடலாம் என்று நேரம் குறித்தேன். சென்னையில் அப்படித்தான் பழக்கம். விடுமுறையில் ஆட்கள் போய்விடுவார்கள், கம்ப்யூட்டர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே ஆயுத பூஜை என்றால் கம்ப்யூட்டருக்கும் ஆயுத பூஜைதான். முந்தின நாளே துடைத்து, மானிட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கீபோர்டுக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒரு பொட்டு. பூஜை ஆனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தான் தொடுவது. இது எனக்குத் தெரியாதா? நானே என் லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்து, மூடி, பொரியைத் தின்றுகொண்டு வீட்டுக்குப் போனவள். குறித்த நேரத்தில் அந்த இயந்திரங்களுக்கு உயிரே இருக்காது என்று மண்டையில் உறைக்கவில்லை. போதாக்குறைக்கு, நேரம் தவறினால் அடுத்த தடவை ஆன் ஆனதும் உடனே செய் என்ற கட்டத்திலும் டிக் போட்டிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் போட்டேன்.

விஜயதசமி காலையில் நான் அரியலூர்க் கிளையில் இருந்தேன். அங்கே இன்டர்நெட் ரொம்பச் சோனி, தகராறு வந்தால் அங்கேதான் வரும் என்று போயிருந்தேன். ரிசப்ஷன் பெண் சூடம் காட்டி, சாமியை வேண்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். திரை நீலமாகி, புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கின. புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம், அணைக்காதீர்கள் என்று வாசகம். பக்கத்து மேசையிலும் அதுவே. பில்லிங்கிலும் அதுவே.

"அக்கா, நல்ல நேரத்துல இப்படி வந்து நிக்குதே" என்றாள். அவள் முகத்தில் இருந்தது பயம். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஊரிலும் அத்தனை பேரும் அந்த நல்ல நேரத்துக்குள் ஆன் பண்ணியிருப்பார்கள். அத்தனை இயந்திரமும் ஒரே சமயத்தில் ஒட்டை இழுக்கத் தொடங்கியிருக்கும்.

போன் அடிக்கத் தொடங்கியது. முதலில் பில்லிங், அப்புறம் மெடிக்கல் ஷாப். ஒவ்வொருவரிடமும், "அணைக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன், சும்மா வுடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பெரம்பலூர் டயாலிசிஸ் டெக்னீஷியன் கூப்பிட்டார்.

"மேடம், கைரேகை வைக்கிற சிஸ்டம் சுத்திக்கிட்டே நிக்குது. பேஷண்ட்லாம் ஒக்காந்திருக்காங்க."

"அது எப்படிங்க? அத நான் தொடவே இல்லையே."

தொட்டிருக்கிறேன். என் பட்டியலில் டயாலிசிஸ் என்ற பெயரில் இருந்தது டாக்டர் அறைக் கம்ப்யூட்டர். கைரேகை வைப்பது, என்றோ மெடிக்கல் ஷாப்பிலிருந்து தூக்கி வந்து போட்ட பழைய பெட்டி. இடம் மாறியது, பெயரை யாரும் மாற்றவில்லை. மெடிக்கல் ஷாப் என்ற பெயரைப் பார்த்து அதை ஆபீஸ் குழுவில் போட்டிருக்கிறேன். சர்வரிலிருந்தே ஏஜென்ட் போய்விட்டதால் அந்தப் பெட்டியை நான் நேரில் பார்க்கவும் இல்லை.

அன்று அம்மாவுக்கு டயாலிசிஸ் முறை. காலையிலேயே அவளை அங்கே உட்கார வைத்துவிட்டுத்தான் அரியலூர் வந்திருந்தேன்.

"பேப்பர்ல எழுதிட்டு ஆரம்பிங்க" என்றேன்.

"முடியாதுங்க. காப்பீட்டுல வர்றவங்களுக்கு ரேகை வுழாம ஊசி குத்தக் கூடாதுன்னு இப்பதான் திட்டு வாங்குனோம். சார் சொன்னா செய்யறேன்."

நிர்வாக அதிகாரி போனை எடுக்கவில்லை. குடும்பத்தோடு கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போயிருந்தார். போனைக் காரிலேயே விட்டுவிட்டுக் கும்பிடப் போயிருக்கிறார். முதலாளி டாக்டரோ ஆபரேஷன் தியேட்டரில். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தப் பஸ்ஸை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, முகப்பின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் டிரைவருக்கு அதைத் தாண்ட மனமில்லை. லேப்டாப்பை மடியில் விரித்து, ஓடுகிற வேலையை நிறுத்து என்று அந்த மென்பொருளில் அழுத்தினேன். தொடங்கிவிட்ட நிறுவலை நிறுத்த முடியாது என்று பதில் வந்தது. சிக்னல் போய்விட்டது. வந்தது. அழுத்தினேன். அதே பதில். பக்கத்து இருக்கை அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார். நான் மறுபடி அழுத்தினேன்.

டெக்னீஷியன் மறுபடி கூப்பிட்டார். "பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு பிளக்கப் புடுங்கிப் போட்டேன் மேடம். இப்ப மாற்றத்தத் திரும்ப எடுக்கறேன்னு ஏதோ வருது."

"அணைக்காதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே!"

"எங்கிட்ட யாரு சொன்னா? எது நின்னாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

சொல்லிக் கொடுத்திருந்தேன்தான். மற்ற எல்லோரிடமும் கத்தியவள் அவரிடம் மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். பிடுங்கியதால் ஒட்டு பாதியில் நின்று, போட்டதையெல்லாம் உரித்துக்கொண்டிருந்தது. இனி எப்போது எழும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அப்போதுதான் மடியில் இருந்த லேப்டாப்பையே பார்த்தேன். அது சோதனைக் குழுவில் முன்பே ஒட்டுப் போட்டுக்கொண்ட இயந்திரம். விரல் வைக்கிற ரேகைக் கருவியை இதில் செருகிவிட்டால்? அதற்கு வேண்டிய டிரைவர் நிரலைப் பஸ்ஸிலேயே பதிவிறக்கத் தொடங்கினேன். எறும்பு ஊர்வது மாதிரி இறங்கியது.

டயாலிசிஸ் அறைக்குள் ஓடியபோது நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. அம்மா கடைசி நாற்காலியில், முன்பக்கம் குனிந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். நீர் கோத்தால் அவளால் நிமிர்ந்து உட்கார முடியாது. எறையூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

"பூசையில வச்ச மெஷினுல எவளோ கைய வச்சிருக்காளாம். வெளங்குமா? யாருய்யா அது?"

அம்மா தலையைத் தூக்கினாள். "எம் பொண்ணுதாங்க" என்றாள். நான் மேசைக்கடியில் குனிந்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு நிமிரத் தைரியம் இல்லை.

லேப்டாப்பில் செருகிய ரேகைக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. "அம்மா, மொதல்ல நீ வா" என்றேன்.

"மத்தவங்க போவட்டும்."

"மூச்சு வாங்குதும்மா உனக்கு. வெரலு வை."

கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். எறையூர்க்காரரைப் பார்த்து, "நீங்க போங்கண்ணே. எம் பொண்ணால ஒங்களுக்குத் தாமசம் ஆயிப்போச்சு" என்றாள். அவர் தயங்கினார். வேண்டாம் என்றுகூடச் சொன்னார். அம்மா அசையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். டெக்னீஷியன், "நேரமாவுது மேடம், யாராச்சும் வைங்க" என்றார். எறையூர்க்காரர் வைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் வைத்தார். எல்லோரும் வைத்தார்கள். மாலை ஷிஃப்ட் ஆட்கள் சிலரும் காலையிலேயே வந்திருந்ததால் ஒரு மெஷின் குறைந்தது; அம்மாவுக்கு மட்டும் இல்லை. ஒருவர் முடித்து எழுந்த பிறகுதான் அவள் முறை. காலமெல்லாம் பருத்தியும் சின்ன வெங்காயமும் பார்த்த விரல், ரேகை லேசில் விழாது. அழுத்தி அழுத்தி விழுந்தது.

பண்டிகை நாள் என்று அன்றைக்கு மாலை ஷிஃப்ட் கிடையாது. டயாலிசிஸுக்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கிற பிளாண்ட்டை நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. அம்மாவுக்குப் பாதிதான் ஓடியது. "மிச்சத்த நாளைக்குக் காலையில ஓட்டிடலாம், மொத ஆளா வந்துடுங்க" என்று டெக்னீஷியன் ஊசியை எடுத்தார்.

நிர்வாக அதிகாரி கையில் துளசிப் பிரசாதத்தோடு கோயிலிலிருந்து நேராக என் அறைக்கு வந்தார். 'தொடாதே' இயந்திரங்களை அதற்குள் ஒவ்வொன்றாக முடித்திருந்தேன்; என் திரையில் எல்லாமே பச்சையாக இருந்தது, தானாக எழுந்து மறுபடி ஒட்டிக்கொண்ட கைரேகைக் கம்ப்யூட்டர் உட்பட. "பரவால்லம்மா. திருச்சிக்காரங்ககிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். காலையில் நடந்தது அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் விளக்கவில்லை.

வீட்டில் அம்மாவால் படுக்க முடியவில்லை. சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தேன். "வேலை நிலைச்சிடுச்சும்மா" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது.