முள் கீழேதான் இருந்தது

என் அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஓடாத கார்களுக்குள் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். அவள் கணவர், என் மாமா, மெக்கானிக். அரதப் பழசான வண்டிகள்தான் அவருக்கு உயிர். உதவிக்கு வரும் ஆளையெல்லாம் திட்டியே துரத்திவிடுவார். அதனால் கல்யாணமான புதிதிலிருந்தே ஆக்சிலேட்டரை மிதிக்கும் ஆள் அக்காதான்.

தண்ணீர் பம்ப் மாற்றிய வண்டியில் காற்று எடுப்பது பொறுமையான வேலை. உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஓடாது, என்ஜின் வெந்துபோகும். முன் சக்கரங்களைப் பலகையில் ஏற்றி, ரேடியேட்டர் வாய் மேலே இருக்கும்படி நிறுத்துவார் மாமா. மூடியைத் திறந்துவைத்து என்ஜினை ஓடவிட்டு, ரப்பர் ஹோஸை அமுக்கி அமுக்கிக் குமிழிகளை வெளியேற்றுவார். பிறகு மூடிபோட்டு ஓட்டிப் பார்ப்பார். அக்கா உள்ளே உட்கார்ந்து, சூடு காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். "அது எப்படிங்க வேலை செய்யுது?" என்று ஒருமுறை கேட்டாள். "நீ முள்ளைப் பாரு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். பெரிய ராஜ ரகசியம்!

அன்று வந்தது ஒரு வெள்ளைக் கார். காரின் உரிமையாளர் பக்கத்திலேயே நின்று, சீக்கிரம் சீக்கிரம் என்று பறந்துகொண்டிருந்தார். மூடிபோட்டு ஓடிக்கொண்டிருந்த என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு மாமா கேட்டார்.

"முள்ளு எங்க நிக்குது?"

"கீழதாங்க. ஏறவே இல்ல."

சூடு எப்படி என்று ஹோஸைத் தொட்டுப் பார்க்காமல் அவர் மூடியில் கை வைத்ததே இல்லை. அன்று தொடவில்லை, நேரே திருகினார். கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடித்தது. இரண்டு கண்களும் போயின.

"பாத்துச் சொல்றது ஒரு வேலை, அதைக்கூட ஒழுங்கா செய்யத் துப்பில்லையேடி!" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் கத்தினாள். தெருவும் அதையே பாடியது. அக்காவும் நம்பிவிட்டாள். பாத்திரம் தேய்க்கும்போதுகூட, "நான்தான் சரியா பாக்கலையோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருப்பாள். மாமா வாயே திறக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறார், பாவம் என்று நானும் நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து, கார் மீட்டர் ரிப்பேர் செய்பவர் ஒருவர் மாமாவைப் பார்க்க வந்தார். வாசலில் அக்கா நடந்ததைச் சொல்லி அழுததைக் கேட்டுத் திகைத்தார்.

"காத்து அடைச்சிருந்தா சூடு பாக்கற பல்பு, அதான் முள்ளை ஏத்தி இறக்கற குமிழ், தண்ணியில படாதும்மா. உள்ள கொதிச்சாலும் முள்ளு கீழதான் கிடக்கும். நீங்க பாத்தது சரிதான். இது அவருக்குத் தெரியாததா என்ன?"

அக்கா உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

மாமா கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியும்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"தெரிஞ்சே திறந்தான், முட்டாப்பயன்னு சிரிப்பாங்கல்ல?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். குருடர் என்றும் பாராமல் கையை ஓங்கினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அவரை விட்டுப் போகவில்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போகிறாள். பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள்.

"இருக்கியா?" என்று மாமா முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேட்பார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் உரக்கக் கேட்பார். அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.