வெந்நீர்க்காரி தைத்த முக்காடு

நான் பெட்டி செய்கிறவன். துணிப்பெட்டி, பணப்பெட்டி அல்ல. கடைசியில் எல்லோரும் படுக்கிற பெட்டி. தெருவில் என்னைப் பார்த்து, "தொழில் எப்படிப் போகுது?" என்று இதுவரை ஒரு மனிதன் கேட்டதில்லை. நன்றாகப் போகிறது என்று நான் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமாக இருக்கலாம். அதனால் எனக்குப் பேச்சுத்துணை குறைவு. இருந்த ஒரே துணை வெந்நீர்க்காரி.

அவளும் என் கட்சிதான். ஒரு வீட்டில் உயிர் போனால் சபையாருக்கு முதலில் அவள் ஞாபகம் வரும், அடுத்தது என் ஞாபகம் வரும். மற்ற நாட்களில் எங்கள் இருவரையும் யாருக்கும் தெரியாது. ஆறு கடக்கிற வரைக்கும்தானே அண்ணன் தம்பி.

அவளுடைய மகள் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. உண்மையான காரணம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவளுக்கு, எனக்கு, மூப்பரம்மாவுக்கு. மூப்பரம்மா என்றால் எங்கள் ஆலயத்துப் பெரியவரான மூப்பரின் மனைவி. அந்தம்மா சொல்லப்போவதில்லை. வெந்நீர்க்காரியோ செத்தாலும் சொல்லமாட்டாள். எனக்கு அவ்வளவு நல்ல குணம் கிடையாது, நான் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் தொற்றுக் காய்ச்சல் ஒன்று வந்து வீட்டுக்கு வீடு ஆளை எடுத்துக்கொண்டு போனது. அதில் அவள் புருஷனும் போனான். சபையார் வாசல்வரை வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெபம் பண்ணிவிட்டுத் திரும்பினார்கள். உள்ளே வந்து தொட ஒருவரும் இல்லை. கைக்குழந்தையை ஒரு மூலையில் கிடத்திவிட்டு அவள் தனியாகவே அவனைக் குளிப்பாட்டினாள். அடுப்பெரிக்க வீட்டில் ஒன்றும் இல்லை. குழாயில் பிடித்த பச்சைத்தண்ணீர்தான். அவன் இருந்த காலத்தில் வெயில் நாளிலும் வெந்நீர் கேட்கிறவன். கடைசிக் குளியல் குளிர்ந்த நீரில் ஆனது அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு யார் வீட்டில் சாவு என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பாள். புண் இருக்கட்டும், நாற்றம் இருக்கட்டும், முகம் சுளிக்கமாட்டாள். ஆண் பெண் பார்க்காமல் கழுவுகிறாளே என்று முதலில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். தங்கள் வீட்டில் சாவு விழுந்ததும் அந்த வாய்கள் மூடிக்கொண்டன. ஒரு காசு வாங்கமாட்டாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று, வெந்நீர். அதையும் கொதிக்கவிடக் கூடாது. குழந்தைக்குப் பார்ப்பது போல மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்த்து, பதம் சரியான பிறகுதான் உடம்பில் விடுவாள்.

"செத்தவனுக்குக் குளிருமா தங்கச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியலண்ணே. அவங்களால சொல்ல முடியாதுல்ல? அதான் நாமளே பாத்துக்கணும்."

போதகர் வருஷந்தோறும் சீஷர்களின் பாதம் கழுவினவரைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் பண்ணுவார். முன்பெஞ்சில் இருக்கிறவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். இவள் பின்பெஞ்சில் இருந்து கேட்டுவிட்டு, நேராகப் போய் யாருடைய பாதத்தையோ கழுவுவாள்.

பிழைப்புக்குத் தையல். பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். என் பெட்டிகளுக்குள் வைக்கும் சின்னத் தலையணைகளும் அவள் கைவேலைதான். எதைத் தைத்தாலும் ஒரு முனையில் அதே நிற நூலால் குட்டியாக ஒரு சிலுவை போட்டு முடிப்பாள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"மண்ணுக்குள்ள போற தலகாணிக்கு எதுக்கும்மா இது? யாரு பாக்கப் போறா?" என்பேன்.

"பாக்கறவரு பாப்பாரு" என்று நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள்.

மூப்பரம்மாவின் தாயார் நெடுநாள் படுக்கையில் கிடந்து முதுகெல்லாம் புண்ணாகித்தான் போனாள். பெற்ற மகள் மூக்கில் கைக்குட்டையோடு கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே போய் அந்தப் புண்களில் ஒட்டியிருந்த துணியை நனைத்து நனைத்து எடுத்தவள் வெந்நீர்க்காரி. நானே பார்த்தேன். வெளியே வந்தவளிடம் மூப்பரம்மா கொடுத்தது ஒரு சோப்புக்கட்டி. "நல்லாக் கழுவிட்டுப் போ. கேட்டைத் தொடாத" என்றாள். ஜெபத்தில் எழுந்தால் அந்தம்மா குரலுக்கு ஆலயமே உருகும். உள்ளே இருப்பது வேறு சரக்கு.

மகள் வளர்ந்தாள். பள்ளியில் "பொணம் கழுவுறவ மக" என்று பக்கத்தில் உட்கார மறுத்தார்களாம். அம்மா சோறு ஊட்ட வந்தால் அது வாயை மூடிக்கொள்ளும். "கைய மோந்து பாத்தேன்மா, நாறுது" என்று அழும். இவள் மறுபடி கழுவிக்கொண்டு வருவாள். தோல் உரிகிற வரை கழுவிவிட்டு என் பட்டறையில் வந்து உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நாட்களில் "விட்டுத் தொலையேன் இந்த வேலைய" என்று கத்தியிருக்கிறேன். "நான் விட்டா யாரு போவாண்ணே?" என்பாள். யாரும் போகமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

அந்தப் பெண்ணைத்தான் மூப்பர் மகனுக்குப் பிடித்துப்போயிற்று. ஆலயப் பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடினார்கள், மனசும் ஒரே சுதியில் சேர்ந்துவிட்டது. மூப்பரம்மா ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். பையன் மசியவில்லை. கடைசியில் போதகர் முன்னால் பேச்சு நடந்தது. நான் பெண் வீட்டுப் பெரிய மனிதன் என்ற பேரில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"பொண்ணு வரட்டும். ஆனா பொணத்தத் தொட்ட கை மணப்பொண்ணு மேல படக்கூடாது" என்றாள் மூப்பரம்மா. "சோடிக்கிறது எங்காளுங்க. அம்மா பின்னால உக்காந்து பாத்தா போதும். அப்புறம் வீட்டுக்கு வந்து போறது எல்லாம் வேண்டாம்."

நான் போதகரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். அதுதான் அவருடைய தீர்ப்பு.

நான் எழுந்து நாலு வார்த்தை கேட்பதற்குள் மகள் பேசினாள். "அம்மா வந்து தொட வேண்டாம். ஆனா முக்காடு மட்டும் அம்மா தைச்சதுதான் போடுவேன். இல்லன்னா கல்யாணமே வேண்டாம்."

அவள் அம்மாவுக்காக எதிர்த்துப் பேசியது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான். மூப்பரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி, உன் இஷ்டம்" என்றாள். வெந்நீர்க்காரி தரையைப் பார்த்தபடி அழுதாள். வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொன்னது அவள் காதில் விழவே இல்லை போலிருக்கிறது. முக்காடு தைக்கச் சொன்னதுதான் விழுந்திருக்கிறது.

எத்தனை முறை தைத்துப் பிரித்தாளோ தெரியாது. வெள்ளை வலைத்துணி, ஓரமெல்லாம் மெல்லிய மடிப்பு, முனையில் வழக்கமான குட்டிச் சிலுவை. கல்யாணத்தன்று கடைசி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் முக்காட்டோடு நடந்து போனபோது என் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள்.

"என் கை போகலன்னா என்னண்ணே? என் தையல் அவ தலைமேல போகுது பாருங்க."

இந்தச் சந்தோஷத்திலேயே அவள் பல மாதம் ஓட்டினாள். மகள் வீட்டு வாசலுக்குக் கூடப் போக முடியாதவள், ராணி மாதிரித் தெருவில் நடந்தாள்.

கல்யாணம் முடிந்த சில நாளில் மூப்பர் வீட்டு வேலைக்காரி ஒரு பையோடு என் பட்டறைக்கு வந்தாள். "அம்மா குடுத்தாங்க. பழைய துணி. பெட்டிக்குள்ள விரிக்க ஆகும்னாங்க." பிரித்துப் பார்த்தேன். வெள்ளை வலைத்துணி. தலையில் வைத்துக் குண்டூசி குத்திய அடையாளம்கூட இல்லை. முனையைத் தேடினேன், சிலுவை இருந்தது. கடையில் வாங்கிய வேறு ஒன்றைப் பின்னாலிருந்து பெண் தலையில் குத்தி அனுப்பியிருக்கிறார்கள். கல்யாண அமளியில் அந்தப் பெண் எங்கே முனையைப் பார்க்கப் போகிறது?

கோபத்தில் உளியை எடுத்து நல்ல பலகை ஒன்றைப் பாழாக்கினேன். வெந்நீர்க்காரியிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளிடம் இருந்தது அந்த ஒரு சந்தோஷம். அதையும் நான் எப்படிப் பிடுங்குவது? துணியை மடித்துப் பரண்மேல் வைத்தேன்.

மகள் கர்ப்பமானாள். வெந்நீர்க்காரி குட்டிச் சட்டைகள் தைத்துக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே நிற்பாள். வேலைக்காரி வந்து கம்பி இடுக்கு வழியாக வாங்கிக்கொள்வாள். மகள் மாடி ஜன்னலில் தெரிந்தால் இவளுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

குழந்தை ஆஸ்பத்திரியில் செத்துப் பிறந்தது. பெண் குழந்தை. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெரிய வீட்டில் அந்தப் பிஞ்சைத் தொட ஒரு கை இல்லை. மூப்பரே என் பட்டறைக்கு வந்து பெட்டிக்குச் சொல்லிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "அவங்களையும் வரச் சொல்லுங்க. பின்வாசல் வழியா" என்றார்.

சின்னப் பெட்டி செய்வதுபோலக் கொடுமையான வேலை உலகத்தில் இல்லை. எவ்வளவு அறுத்தாலும் மரம் மிஞ்சிக்கொண்டே இருக்கும். செய்து முடித்தேன். பிறகு பரணில் இருந்த முக்காட்டை எடுத்து உள்ளே விரித்தேன். வேண்டுமென்றேதான் விரித்தேன். மூப்பரம்மா பார்க்கட்டும், பார்த்து வேகட்டும் என்றுதான். வெந்நீர்க்காரி கண்ணிலும் படுமே என்று அந்தக் கோபத்தில் தோன்றவில்லை.

மூப்பர் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் வெந்நீர்க்காரி உட்கார்ந்திருந்தாள். மகள் வாழப்போன பிறகு அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை.

"இதுக்கு எதுக்கு வெந்நீர்? குழாயில பிடிச்சா ஆகாதா?" என்றாள் மூப்பரம்மா.

"குழந்தைங்கம்மா. கொஞ்சம் வெச்சுக் குடுங்க."

தண்ணீர் வந்தது. மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தாள். மறுபடி ஊற்றினாள். மறுபடியும். எத்தனையோ சாவு வீட்டில் அவளைப் பார்த்திருக்கிறேன், இப்படித் தடுமாறிப் பார்த்ததில்லை. பிறகு பேத்தியைக் கையில் ஏந்தினாள். காதுமடல், விரலிடுக்கு எல்லாம் துடைத்து, அவளே தைத்த சட்டையைப் போட்டாள். சட்டை பெரிதாக இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மகள் படுத்திருந்த அறையில் நாற்காலிமேல் பெட்டியைத் திறந்து வைத்தேன். பெற்றவளிடம் காட்டிவிட்டு மூடலாம் என்று வெந்நீர்க்காரி குழந்தையைக் கொண்டுவந்தாள். மகள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சொல்ல எனக்குத் தெரியாது.

"அந்த முக்காட்ட நான் போட்டிருக்கவே கூடாது" என்றாள். "அத்தை அன்னிக்கே வேண்டாம்னாங்க. நான்தான் சண்டை போட்டேன். பொணத்தத் தொட்ட கையால தைச்சத தலையில போட்டுக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள வந்தேன். அதான் என் பிள்ளைய எடுத்துக்கிச்சு. ஏம்மா தைச்சுக் குடுத்த? முடியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

வெந்நீர்க்காரி அப்போதுதான் குழந்தையைப் பெட்டிக்குள் கிடத்திக்கொண்டிருந்தாள். அவள் விரல் துணியின் முனையில் பட்டது. தடவினாள். நின்றாள். குனிந்து பார்த்தாள். அவளுடைய சிலுவை, ஆனால் துணியில் குண்டூசி குத்திய தடம் எங்கும் இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள், கதவோரம் நின்ற மூப்பரம்மாவைப் பார்த்தாள். மூப்பரம்மாவும் அந்த முனையைப் பார்த்துவிட்டாள். முகத்தில் ரத்தம் இல்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வார்த்தை போதும். துணியைத் தூக்கிக் காட்டினால் வார்த்தைகூட வேண்டாம். அவள் சொல்லட்டும் என்று பார்த்தேன். சொல்லவில்லை என்றதும் நானே வாயைத் திறந்தேன்.

"அண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

அவள் அந்த முனையை மடித்துக் குழந்தையின் முதுகுக்கு அடியில் செருகினாள். சிலுவை உள்ளே போயிற்று.

"ஆமாம்மா" என்றாள் மகளிடம். "தப்பு உன்னுது இல்ல. நீ கேட்டாலும் நான் தைச்சிருக்கக் கூடாது."

"போ" என்றாள் மகள். "என் கண்ணு முன்னால இனி வராத."

பின்வாசலில் மூப்பரம்மாவுக்குக் குரல் திரும்பிவிட்டது. நன்றி சொல்வாளோ என்று ஒரு கணம் நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "பிள்ள சொன்னது காதுல விழுந்துச்சில்ல? இனி வாசல் கேட் பக்கமும் வந்து நிக்காதீங்க. அவ மனசு கெடும்" என்றாள். "சரிங்கம்மா" என்று இவள் தலையாட்டினாள்.

தெருவுக்கு வந்ததும் நான் வெடித்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பொம்பளை மூஞ்சி எங்க போயிருக்கும்!"

"என் பொண்ணு எங்க போவா?" என்றாள். "மாமியா இப்படிச் செஞ்சான்னு தெரிஞ்சா அந்த வீட்ல ஒரு வாய்ச் சோறு இறங்குமா அவளுக்கு? புருஷனையும் வெறுப்பா. எங்கிட்ட வந்தாலும் இந்தக் கையால போட்ட சோத்தத் திங்கமாட்டா. அவ யாரு மேலயாவது கோபப்பட்டாகணும்ணே. இல்லன்னா தன்மேலயே பட்டுக்குவா. என்மேல படட்டும். எனக்குப் பழக்கம்."

"அதுக்காகச் செய்யாத குத்தத்த ஏத்துக்கறதா? இத எந்தச் சாமி சொல்லிக் குடுத்துச்சு?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நாம கும்பிடறவரு பின்ன என்னண்ணே செஞ்சாரு?"

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு அன்றைய கோபம் இன்னும் ஆறவில்லை. மகள்மேல், மூப்பரம்மாமேல், தொண்டையைச் செருமிய போதகர்மேல், ஏன், இவள்மேலும்தான்.

கொஞ்ச தூரம் நடந்தோம். அவள் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று நின்றுவிட்டாள். அன்று அதுவரை ஒரு சொட்டு விடாத கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அண்ணே, கை மரத்துப் போச்சு. எத்தன தடவ ஊத்திப் பாத்தும் சூடு தெரியல. அப்படியே ஊத்திட்டேன். நீங்க பக்கத்துல இருந்தீங்களே, தொட்டுப் பாத்தீங்களா? பச்சத்தண்ணியா இருந்துச்சா? பிள்ளைக்குக் குளிர்ந்திருக்குமா?"

"பதமா இருந்துச்சு தங்கச்சி" என்றேன்.

நான் அந்தத் தண்ணீரைத் தொடவே இல்லை.